கேட்பாரற்ற பிள்ளைகளுக்குக் கேட்க வந்தவர்

தொன் போஸ்கோ என்றதும் நம் பங்கு மக்களின் மனத்தில் எழும் காட்சிகள் எவை? ஒன்பது வயதில் அவர் கண்ட கனவு; கயிற்றின்மேல் நடந்து வித்தை காட்டிய சிறுவன்; ஆபத்து வேளையில் எங்கிருந்தோ வந்து துணைநின்ற சாம்பல் நிற நாய். ஞானோபதேச வகுப்பில் கேட்டுக் கேட்டு இவையெல்லாம் நமக்கு மனப்பாடமாகிவிட்டன. அதில் குறையேதுமில்லை. ஆனால் இந்தக் கதைகளின் நடுவே ஒரு செய்தி கண்ணில் படாமலே போய்விடுகிறது. அவரைத் தேடி முதன்முதல் வந்த பிள்ளைகள் யார்? அவர்களிற் பெரும்பாலோர் அந்த நகரத்துப் பிள்ளைகள் அல்லர். பிழைப்புத் தேடி மலைநாட்டிலிருந்தும் தொலைதூரக் கிராமங்களிலிருந்தும் பெருநகருக்கு வந்து சேர்ந்த வந்தேறிப் பிள்ளைகள்.

ஜூபிலி மலரில் இதை எழுத வேண்டிய காரணம் உண்டு. நம் ஆலயத்தைச் சுற்றிலும் எழும்பிவரும் அடுக்குமாடிக் கட்டடங்களில் சாந்து சுமப்பவர்கள் யார் என்று பார்த்தால் போதும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களோடு அவர்தம் பிள்ளைகள். நகரத்துக்கு வந்த பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி நம் வாசலிலேயே நிற்கிறது. அந்தக் கேள்விக்கு 1840-களில் இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் ஒரு குருவானவர் எவ்விதம் விடை தேடினார் என்பதே இக்கட்டுரையின் பொருள். அவருடைய புதுமைகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதற்கு வேறு நூல்கள் நிறைய உண்டு.

அன்று இத்தாலி என்றொரு தனி நாடு இல்லை. தூரின், சார்தீனிய அரசின் தலைநகர். 1838-ல் அந்நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 1,17,000. பத்தே ஆண்டுகளில், 1848-ல், அது 1,37,000 ஆயிற்று. புதிய வீதிகள், புதிய மாளிகைகள், ஆற்றோரம் ஆலைகள். கட்டுவதற்குக் கை வேண்டுமல்லவா? ஆல்ப்ஸ் மலையடிவாரக் கிராமங்களில் நிலம் குறைவு, பிள்ளைகள் அதிகம். பியெல்லாப் பகுதியிலிருந்தும், வால்சேசியா பள்ளத்தாக்கிலிருந்தும், லொம்பார்தியிலிருந்தும், சவோயிலிருந்தும் சிறுவர்கள் இறங்கி வந்தார்கள். கொத்து வேலை, கல் உடைத்தல், சுவர் பூசுதல், தெருவுக்குக் கல் பாவுதல் ஆகியவை அவர்களுக்குக் கிடைத்த வேலைகள். புகைபோக்கி துடைக்கவோ சிறிய உடம்பே வேண்டும். ஆகவே அதற்குச் சின்னஞ் சிறுவர்களையே கொண்டுவந்தார்கள். சந்தை கூடும் பலாஸ்ஸோ வாயிலில் நின்றால் கூலிக்கு ஆள் தேடுபவர்கள் வருவார்கள். வேலை கிடைத்த நாள் உண்பார்கள். கிடைக்காத நாள் சுற்றித் திரிவார்கள்.

கிராமத்தில் ஒரு பிள்ளை தெருவில் நடந்தால், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். அந்தக் கேள்வியில் அதட்டலும் உண்டு, காவலும் உண்டு. நகரத்தில் அப்படிக் கேட்பார் எவருமில்லை. கேட்பாரற்ற பிள்ளை என்று நாம் சொல்வது எத்தனை பொருத்தமான சொல்! முதலாளி அடித்தால் கேட்பாரில்லை. கூலியைக் குறைத்தால் கேட்பாரில்லை. நோயில் விழுந்தால் கேட்பாரில்லை. திருட்டுக் கூட்டத்தோடு சேர்ந்தாலும் கேட்பாரில்லை. பசியை மட்டும் தீர்த்துவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடாது.

1815-ல் பெக்கி என்னும் சிற்றூரில் பிறந்த ஜான் போஸ்கோவுக்கு இது ஏட்டில் படித்த செய்தியன்று. இரண்டு வயதில் தந்தையை இழந்தவர். வீட்டில் ஒற்றுமை குலைந்ததால் பன்னிரண்டு வயதிலேயே மோலியா என்ற குடும்பத்தாரின் பண்ணையில் கூலிப் பிள்ளையாகச் சேர்ந்து இரண்டு ஆண்டுக்கு அருகில் மாடு மேய்த்தவர். பின்பு கியேரி நகருக்குப் படிக்கப் போனபோது காப்பிக் கடையில் எடுபிடி வேலை செய்து தங்குமிடம் தேடிக்கொண்டவர். தையலும் தச்சும் செருப்புத் தொழிலும் ஓரளவு கைவந்தது இப்படி அலைந்த நாள்களில்தான். வீட்டை விட்டு வந்த பிள்ளையின் இரவு எப்படி இருக்கும் என்று அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1841-ல் குருப்பட்டம் பெற்றுத் தூரினுக்கு மேற்படிப்புக்கு வந்த அவரை, அவருடைய ஞானத் தந்தையான குரு கஃபாசோ நகரச் சிறைகளுக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பையன்கள். நல்ல உடற்கட்டும் கூர்த்த புத்தியும் உடையவர்கள். பூச்சிக்கடி பட்டு, பசித்து, செய்வதற்கு எதுவுமின்றி அடைபட்டுக் கிடந்தார்கள். அவரைப் பெரிதும் உலுக்கியது இந்தக் காட்சிகூட அன்று. நல்ல மனத்தோடு விடுதலையாகிப் போன பையன் சில வாரங்களில் அதே கதவுக்குள் மீண்டும் வந்ததுதான். ஏன் திரும்பி வருகிறார்கள் என்று ஆராய்ந்தவர் கண்ட விடை எளியது: வெளியே போனால் அவர்களைக் கவனிக்க ஒருவரும் இல்லை. வெளியில் ஒரு நண்பன் இருந்தால் இவர்கள் திரும்பி வருவார்களா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் செய்தவை யாவும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவை என்றே நாம் கருதுகிறோம்.

அவ்வாண்டு டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாளன்று நடந்ததை யாவரும் அறிவர். அசிசியார் ஆலயத்தின் சக்ரீஸ்தில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். பூசைக்கு உதவத் தெரியாது என்றதற்காகக் கோவில்பிள்ளை அவனை அடித்து விரட்டினான். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்து பேச்சுக் கொடுத்தார். பர்த்தலோமேயு கரெல்லி என்று பெயர், வயது பதினாறு, தாய் தந்தை இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. இந்த வரிசையில் நாம் வழக்கமாகத் தாண்டிப் போய்விடும் செய்தி ஒன்று உண்டு. அவன் ஆஸ்தி ஊரைச் சேர்ந்தவன். கொத்து வேலைக்காகத் தூரினுக்கு வந்தவன். மறைக்கல்விக்குப் போக அவன் வெட்கப்பட்டதும் அதனால்தான். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்க, வளர்ந்த தான் ஒன்றும் தெரியாமல் நிற்பதா என்ற கூச்சம். ஊர் மாறிவந்த பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலில் தயங்கி நிற்பதற்கு இன்றைக்கும் இதுதானே காரணம்!

கரெல்லி அடுத்த ஞாயிறு தோழர்களை அழைத்துவந்தான். ஆண்டு சில செல்வதற்குள் நூற்றுக்கணக்கில் கூடிவிட்டார்கள். கூட்டம் சேர்ந்ததும் தொல்லையும் சேர்ந்தது. ஆலைக்காரர்கள் இரைச்சலைப் பொறுக்கவில்லை. ஒரு கல்லறைச் சிற்றாலயத்தில் இடம் கிடைத்தது. அங்கிருந்த குருவின் வேலைக்காரம்மாள், தம் கோழிகள் மிரண்டு ஓடியதைக் கண்டு போட்ட கூச்சலில் அதுவும் ஒரே ஞாயிறோடு முடிந்தது. பிறகு வாடகை அறைகள். பிறகு வெறும் புல்வெளி. அதையும் காலி செய்யச் சொன்னார்கள். நகரக் காவலுக்குப் பொறுப்பாயிருந்த மைக்கேல் கவூர் பிரபு, இத்தனை முரட்டுப் பையன்கள் ஓரிடத்தில் கூடுவது கலகத்துக்கு வித்து என்று ஐயுற்றுக் காவலர்களை அனுப்பிக் கண்காணித்தார். இறுதியில் 1846 ஏப்ரல் 12, பாஸ்கு ஞாயிறன்று, வால்டோக்கோ என்னும் புறநகர்ப் பகுதியில் பினார்தி என்பவருக்குச் சொந்தமான ஒரு தாழ்ந்த கொட்டகை அவர்களுடைய இடமாயிற்று. தரையைத் தோண்டித் தாழ்த்தினால்தான் நிமிர்ந்து நிற்கலாம் என்ற அளவுக்குத் தாழ்வு. பேராயர் பிரான்சோனி உறுதிபூசுதல் வழங்க வந்தபோது, தலையிலிருந்த ஆயர் முடி கூரையில் இடித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததாம்.

பங்கு மலர் என்பதால் ஒரு செய்தியை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். தூரின் நகரப் பங்குக்குருக்களிற் சிலர் தொன் போஸ்கோமீது குறைபட்டார்கள். பிள்ளைகளை அவரவர் பங்கிலிருந்து இவர் இழுத்துக்கொண்டு போகிறார், பிள்ளைகள் தங்கள் பங்குக்குருவையே அறியாமல் வளர்வார்கள் என்பது அவர்கள் வாதம். தவறான வாதமென்று தள்ளிவிட முடியாது. பங்கு என்பது அப்படித்தான் அமைக்கப்பட்டது. இன்ன வீதி, இன்ன வீடு என்று எல்லை உண்டு. ஆனால் வீடே இல்லாதவன் எந்தப் பங்கைச் சேர்ந்தவன்? இவர்களிற் பெரும்பாலோர் வெளியூரார், பெற்றோர் உடனில்லை, எந்தப் பங்குக்கு உரியவர்கள் என்பது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் தொன் போஸ்கோ சொன்ன பதில். பேராயர் பிரான்சோனி அவர் பக்கம் நின்றார். வால்டோக்கோவிலேயே புதுநன்மையும் உறுதிபூசுதலும் பெறவும், பாஸ்குக் கடனை நிறைவேற்றவும் அனுமதி தந்தார். பங்கில்லாப் பிள்ளைகளுக்கு அதுவே பங்கு என்றாயிற்று. எல்லைக்கோடு போட்டு மக்களைக் கணக்கெடுக்கும் எந்த அமைப்பிலும், கோட்டுக்கு வெளியே நிற்பவன் கணக்கில் வராமல் போகிறான். பள்ளிச் சேர்க்கைக்கும் ரேஷன் அட்டைக்கும் முகவரி கேட்கிற நம் காலத்தில் இதை விளக்கவேண்டியதில்லை.

ஞாயிறு கூடுவது மட்டும் அவர் பணியாக இருந்திருந்தால் அது ஒரு நல்ல பக்தி முயற்சி என்ற அளவில் நின்றிருக்கும். வார நாள்களில் அவர் செய்ததே நமக்கு முக்கியமாகப் படுகிறது. பையன்கள் வேலை செய்யும் இடங்களுக்கு அவரே போனார். சாரத்தின் கீழே நின்று மேலே கல் அடுக்கும் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பட்டறைகளுக்குள் நுழைந்து முதலாளியிடம், "எங்கள் பிள்ளை எப்படி வேலை செய்கிறான்?" என்று விசாரித்தார். பையனுக்குப் பெருமை; தன்னையும் ஒருவர் தேடி வருகிறாரே! முதலாளிக்கும் உள்ளூர ஒரு கவனம்: இவனைக் கேட்க ஆளிருக்கிறது. வேலையிழந்தவனுக்கு வேறு நல்ல முதலாளி தேடிக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் பழமும் ரொட்டியும் புகையிலையும் பையில் நிரப்பிக்கொண்டு சிறைக்குப் போனார். (புகையிலையா என்று நம் வாசகர் சிலர் முகம் சுளிக்கலாம். அந்தக் காலம் வேறு.)

1845-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வாடகை அறைகளில் இரவுப் பள்ளி தொடங்கியது. பகலெல்லாம் கல் சுமந்த கைகள் இரவில் எழுத்தாணி பிடித்தன. வாசிப்பு, எழுத்து, கணக்கு. இவற்றோடு அவர் சேர்த்துக்கொண்ட பாடம் ஒன்றில் அவருடைய நடைமுறை அறிவு துலங்குகிறது. பியெமோந்தில் ஊருக்கு ஊர் வெவ்வேறு அளவைகள் வழங்கி வந்தன. 1850 ஜனவரி 1 முதல் மீட்டர், கிலோ என்ற தசம அளவைகளே செல்லும் என்று அரசு 1845-லேயே ஆணையிட்டிருந்தது. படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்த காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும். சுவரை இத்தனை அடி என்று ஒப்புக்கொண்டு மீட்டரில் அளந்து கூலி வாங்கும் கொத்தனுக்குக் கணக்குத் தெரியாவிட்டால் ஏமாறுவதைத் தவிர வழியேது? 1849-ல் தொன் போஸ்கோ தசம அளவைகளை எளிய நடையில் விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். வட்டார மொழி பேசி வந்த பிள்ளைகள் இத்தாலிய மொழியைக் கற்றதும் இந்த இரவு வகுப்புகளில்தான்.

எனினும் இரவு வகுப்பு முடிந்தபின் பிள்ளை எங்கே போவான்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1846 கோடையில் கடும் நோயில் விழுந்து பிழைத்தெழுந்த அவர், அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் தம் தாயாரோடு வால்டோக்கோவுக்கு நடந்தே வந்து குடியேறினார். மார்கரீத் அம்மாளுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. சொந்த வீடும் தோட்டமும் பேரப்பிள்ளைகளும் உள்ள கிராமத்தை விட்டு, பெயர் கெட்ட புறநகர்ப் பகுதியில் மகனோடு வந்து குடியிருக்க ஒப்பிய அந்தத் தாயும் ஒரு வந்தேறியே. திருமண நாளில் உடுத்தியதையும் அணிந்ததையும் விற்றும் வெட்டித் தைத்தும் அந்த வீட்டை நடத்தத் தொடங்கினார்.

முதலில் இரவில் தங்க இடம் கொடுத்தது நல்லபடி முடியவில்லை. வைக்கோற் பரணில் படுக்கச் சொல்லிப் போர்வையும் கொடுத்தார். விடிந்து பார்த்தால் பையன்களும் இல்லை, போர்வைகளும் இல்லை. நம்மில் எத்தனை பேர் அத்தோடு கதவைச் சாத்தியிருப்போம்! 1847 மே மாதத்தில் ஒரு மழை இரவு. சொட்டச் சொட்ட நனைந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். வால்சேசியாவிலிருந்து வேலை தேடி வந்தவன். கொண்டுவந்த மூன்று லீரா செலவழிந்துவிட்டது, வேலையும் கிடைக்கவில்லை. போகச் சொன்னால் எங்கே போவான்? அழுதான். போர்வை திருடு போனதை மார்கரீத் அம்மாள் மறந்துவிடவில்லை. மகனுக்கு நினைவூட்டவும் செய்தார். ஆனாலும் அடுப்படியிலேயே செங்கல் அடுக்கிப் பலகை போட்டுப் படுக்கை ஒருக்கினார். அவன் தூங்கப்போகுமுன் உழைப்பையும் நேர்மையையும் செபத்தையும் பற்றி நாலு வார்த்தை சொன்னார். சலேசிய இல்லங்களில் இரவு உறங்குமுன் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் சிறு நல்லுரை அந்த அடுப்படியில் பிறந்ததென்பது சபையின் மரபு.

அவ்வாறு ஒருவனாகத் தொடங்கிய இல்லம் 1860-களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் இல்லமாயிற்று. அம்மாளுக்குப் பொறுமை எல்லையற்றதாக இருந்தது என்று எழுதுவது வழக்கம். அப்படியன்று. அவர் பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தைப் பையன்கள் போர் விளையாட்டில் மிதித்துத் துவைத்தபோது, போதும், ஊருக்கே போகிறேன் என்று மகனிடம் வந்து நின்றார். மகன் பேசவில்லை, சுவரிலிருந்த சிலுவையைக் காட்டினார். அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மீண்டும் வேலைக்குப் போனார். 1856 நவம்பர் 25-ல் இறக்கும்வரை பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

இனி நாம் சொல்லப்போவது கதையன்று, பத்திரம். தொழில் பழகப் போகும் பிள்ளைகளுக்காகத் தொன் போஸ்கோ முதலாளிகளோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள் சில சலேசிய சபையின் ஆவணங்களில் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1852 பிப்ரவரியில் எழுதிய ஒன்று: ஒருபுறம் தச்சாசாரி ஜுசெப்பே பெர்த்தொலீனோ, மறுபுறம் வேலை பழகும் ஜுசெப்பே ஒடாசோ என்னும் பையன், பிணையாகப் பையனின் தந்தை, நடுவே தொன் போஸ்கோ. முத்திரைத் தாளில் எழுதி எல்லாரும் ஒப்பமிட்டது.

அதிலுள்ள நிபந்தனைகளைப் படிக்கும்போது, பட்டறைகளில் அன்று என்னென்ன நடந்தது என்பது தானாகவே தெரிகிறது. தொழிலை முழுமையாகக் கற்றுத்தர வேண்டும் என்று எழுதினால், கற்றுத்தராமலே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள் என்று பொருள். தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலை வாங்கக்கூடாது என்று எழுதினால், தண்ணீர் சுமக்கவும் வீட்டுவேலை செய்யவும் ஏவினார்கள் என்று பொருள். தவறு செய்தால் தகப்பனைப்போல் சொல்லால் திருத்தலாம், வேறு வகையில் ஆகாது. அடித்தார்கள் என்று இதற்குப் பொருள். ஞாயிறும் திருநாள்களும் பிள்ளைக்கு முழு ஓய்வு. ஆண்டுதோறும் சில நாள் விடுப்பு. ஆண்டு ஏற ஏறக் கூலியும் ஏறவேண்டும். பையனுக்கும் கடமைகள் உண்டு: சொற்படி நடக்க வேண்டும், கவனமாய்க் கற்க வேண்டும், அவனால் சேதம் நேர்ந்தால் தந்தை ஈடு செய்ய வேண்டும்.

தொழில் பழகுவதற்குப் பத்திரம் எழுதும் வழக்கம் அவருக்கு முன்பே உண்டு; அதை அவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. ஆனால் 1844-ல் பியெமோந்தில் பழைய தொழிற்குழாம்கள் கலைக்கப்பட்டிருந்தன. அக்குழாம்களின் கட்டுப்பாடுகளில் பல வெறும் தடைகளே என்றாலும், வேலை பழகும் பிள்ளைக்கு இருந்த சிறு நிழலும் அவற்றோடு போயிற்று. சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் ஒரு குருவானவர் முத்திரைத் தாளோடு போய் நின்றார். ஏழைகளுக்கு இரங்குங்கள் என்று நூறு பிரசங்கம் செய்வது எளிது. "அடிக்கமாட்டேன் என்று இங்கே கையெழுத்துப் போடும்" என்று கேட்பதற்கு வேறு வகைத் துணிவு வேண்டும்.

நோயுற்றால் என்ன செய்வது என்பதற்கும் வழி கண்டார்கள். 1850-ல் பையன்களுக்குள்ளேயே ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் அமைந்தது. ஞாயிறுதோறும் ஒரு சோல்தோ, அதாவது ஐந்து சென்தேசிமி, ஒவ்வொருவரும் கட்டுவது. ஆறு மாதம் கட்டியவன் நோயில் விழுந்தால் நலமடையும்வரை நாளொன்றுக்கு ஐம்பது சென்தேசிமி அவனுக்குக் கிடைக்கும். தொகை சிறிது. ஆனால் அது தானம் அன்று, உரிமை. வாங்குபவன் தலைகுனிய வேண்டியதில்லை.

1853 முதல் வால்டோக்கோவிலேயே பட்டறைகள் எழுந்தன. முதலில் செருப்பும் தையலும், 1854-ல் புத்தகக் கட்டு, 1856-ல் தச்சு, அடுத்த சில ஆண்டுகளில் அச்சகமும் இரும்பு வேலையும். நகரப் பட்டறைகளின் தீய பேச்சும் தீய பழக்கமும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பது அவர் கண்ட காரணம். இன்று உலகெங்கும் உள்ள தொன் போஸ்கோ தொழிற்பள்ளிகளுக்கு அதுவே வித்து. அதன் நன்மையை யார் மறுப்பார்? ஆயினும் மதிலுக்குள் பட்டறை வந்ததும், நகரத்து முதலாளியின் வாசலில் போய் நின்று "எங்கள் பிள்ளை எப்படி இருக்கிறான்?" என்று கேட்கும் தேவை குறைந்துபோயிற்று. அதைச் சிறு இழப்பென்று நமக்குச் சொல்லத் தோன்றவில்லை. மதிலுக்குள் வந்தவன் காப்பாற்றப்பட்டான்; வெளியே இருந்த பட்டறை முன்போலவே இருந்தது.

இந்தப் பணியில் அவர் தனியாளும் அல்லர். அவருக்கு முன்பே 1840-ல் குரு யோவான் கொக்கி என்பவர் வான்கிலியா பகுதியில் இளைஞர்களுக்காக ஓர் ஆரட்டரி நடத்தினார். பிற்காலத்தில் 1970-ல் புனிதர் பட்டம் பெற்ற லெயோனார்து முரியால்தோ, தொன் போஸ்கோவின் இரண்டாவது ஆரட்டரியைச் சில காலம் பொறுப்பேற்று நடத்திப் பின்பு தனி வழியே ஏழைத் தொழிலாளிச் சிறுவர்களுக்குத் தந்தையானார். பெண்பிள்ளைகள்? அவர்களும் வீட்டுவேலைக்கென்று நகரம் வந்தவர்கள்தாம். அவர்களுக்காகவும் சிறைப்பட்ட பெண்களுக்காகவும் பரோலோ சீமாட்டி தம் செல்வத்தையெல்லாம் செலவிட்டார். தொன் போஸ்கோவின் பணியிலோ பெண்பிள்ளைகளுக்கு 1872-ல், மரிய மசரெல்லோவோடு சேர்ந்து கன்னியர் சபை தொடங்கிய பின்பே இடம் கிடைத்தது.

1854 கோடையில் தூரினில் காலரா புகுந்தது. வால்டோக்கோவை ஒட்டிய ஏழைப் பகுதிகளில் சாவு மிகுதி. நோயாளிகளைத் தொட உறவினரே அஞ்சிய வேளையில் தொன் போஸ்கோ பிள்ளைகளை அழைத்தார். வயது வந்த பையன்கள் பலர் முன்வந்தார்கள். நோயாளிகளைச் சுமந்தார்கள், கழுவினார்கள், இரவில் விழித்திருந்தார்கள். துணி போதாதபோது மார்கரீத் அம்மாள் மேசை விரிப்பையும் பீடத் துணியையும்கூட எடுத்துக் கொடுத்தார். எந்த நகரம் இவர்களைக் கலகக்காரர் என்று காவலர் வைத்துப் பார்த்ததோ, அந்த நகரத்துக்கே இவர்கள் செவிலியர் ஆனார்கள்.

1875-ல் முதல் சலேசியக் குழு கடல் கடந்து போனதும் ஒருவகையில் இதே பணியைத் தேடித்தான். அர்ஜெந்தீனாவுக்கு அவர்கள் சென்றபோது அவர்களுக்காக அங்கே காத்திருந்தோரிற் பலர் போனஸ் அயர்ஸ் துறைமுகப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த இத்தாலியக் குடியேறிகள். நம் நாட்டுக்கு 1906 ஜனவரியில் குரு தொமாத்திஸ் தலைமையில் வந்தவர்கள் முதலில் காலூன்றியது நம் தஞ்சாவூரில். அநாதைப் பிள்ளைகளின் இல்லமே அங்கே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1985-ல் சென்னையில் அன்பு இல்லம் தொடங்கியது. வீட்டை விட்டு ரயிலேறி வந்து நடைமேடையில் இறங்கும் பிள்ளைகளுக்காக அது. பலாஸ்ஸோ வாயிலுக்கும் சென்ட்ரல் நிலையத்துக்கும் தூரம் அதிகம். பிள்ளையின் முகம் ஒன்றே.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டோம். கார்லோ கஸ்தீனி என்று ஒருவர். சிறுவயதில் சவரக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது தொன் போஸ்கோ அவரைச் சந்தித்தார். பின்பு தாய் இறந்து தெருவுக்கு வந்து அழுதுகொண்டிருந்த அந்தப் பிள்ளையைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். 1870 ஜூன் 24, அருளப்பர் திருநாள். தொன் போஸ்கோவின் பெயர் கொண்ட திருநாள். அன்று கஸ்தீனி பழைய தோழர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வால்டோக்கோவுக்கு வந்தார். எல்லாரும் அங்கே வளர்ந்து, இப்போது தொழில் செய்து பிழைப்பவர்கள். தங்களுக்குள் பணம் சேர்த்து வாங்கிய காப்பிக் கோப்பைகளை அவரிடம் பரிசாகக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டும் வந்தார்கள். அதற்கடுத்த ஆண்டும் வந்தார்கள். தொகையும் கூடிக்கொண்டே போயிற்று. பின்னாளில் அவர் அவர்களிடம், நோயிலோ வேலையின்றியோ துன்பப்படும் தோழனுக்கென்று கொஞ்சம் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டார்.